பயாப்சி அறிக்கை ஒன்று சொல்கிறது, தோல் மருத்துவர் வேறொன்று சொல்கிறார்: எதை நம்புவது?

கேள்வியின் சாரம் இது. தந்தைக்கு 58 வயது. இரண்டு ஆண்டுகளாகப் பிட்டத்திலும் தொடையிலும் முதுகின் கீழ்ப்பகுதியிலும் சிவந்து, செதில் உதிரும் படைகள். தோல் மருத்துவர் சொரியாசிஸ் என்றார். களிம்பு போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. கடைசியில் பயாப்சி எடுத்தார்கள். அறிக்கையில் ‘ஸ்பாஞ்சியோட்டிக் டெர்மடைட்டிஸ், மருத்துவ அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்கவும்’ என்று இருக்கிறது. சொரியாசிஸ் என்ற சொல்லே இல்லை. “மருத்துவர் தவறா, ஆய்வகம் தவறா? தோலை வெட்டி எடுத்துப் பார்த்த பிறகும் என்ன நோய் என்று சொல்ல முடியாதா?”

இருவரில் ஒருவர் தவறு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தோல் நோய்களில், கண்ணால் பார்த்ததும் மைக்ராஸ்கோப்பில் பார்த்ததும் ஒன்றோடொன்று பொருந்தும்போதுதான் நோய்க்குப் பெயர் வைக்கிறோம். பொருந்தாவிட்டால், பெயர் வைப்பதைத் தள்ளிப்போட்டு, ஏன் பொருந்தவில்லை என்று தேடுகிறோம். உங்கள் தந்தையின் நோய் இப்போது அந்த இரண்டாவது கட்டத்தில் நிற்கிறது. அங்கே நிற்பதில் ஆபத்து இல்லை. தேடாமல் அப்படியே விட்டுவிடுவதில்தான் ஆபத்து.

முதலில் ஸ்பாஞ்சியோசிஸ் என்பது என்ன என்று பார்த்துவிடலாம். மேல்தோலின் செல்களுக்கு நடுவே நீர் கோத்து, அவற்றை விலக்கித் தள்ளுவதற்குத்தான் அந்தப் பெயர். அது ஒரு நோயின் பெயர் அல்ல, தோல் காட்டும் ஓர் எதிர்வினை. ஒவ்வாமையால் வரும் எக்ஸிமா, பிறவி ஒவ்வாமை உடம்புக்காரர்களின் எக்ஸிமா, காசு வடிவ எக்ஸிமா, பிட்டிரியாசிஸ் ரோசியா, சில மருந்துத் தடிப்புகள், படர்தாமரை எனப் பலவும் இதே காட்சியைக் காட்டும். நூற்றுக்கணக்கான தோல் நோய்கள் இருந்தாலும், அழற்சி வரும்போது தோல் எதிர்வினை காட்டும் விதங்கள் மிகச் சிலவே: நீர் கோத்தல், மேல்தோல் சீராகத் தடித்தல், மேல்தோலும் உள்தோலும் சேரும் கோட்டில் செல்கள் சிதைதல், கொப்புளம் கட்டுதல், கிரானுலோமா எனப்படும் செல்திரள் உருவாதல், ரத்தக்குழாய்ச் சுவர் அழிதல். இன்னும் ஓரிரண்டைச் சேர்க்கலாம், அவ்வளவுதான். எனவே மைக்ராஸ்கோப் பல நேரங்களில் நோயின் குடும்பத்தைத்தான் அடையாளம் காட்டும். அந்தக் குடும்பத்தில் இவர் யார் என்பதைச் சொல்ல, தடிப்பு எங்கே, எத்தனை, எப்போதிருந்து, எந்த வடிவில் என்ற விவரங்கள் வேண்டும். அவை ஸ்லைடில் இருக்காது.

இரண்டும் அழகாகப் பொருந்தும் நோய் ஒன்றைப் பார்த்தால் இந்த வேலையின் தன்மை புரியும். லைக்கன் பிளானஸ் என்ற நோயில் மணிக்கட்டின் உட்புறத்தில் தட்டையான, ஊதா நிறம் கொண்ட, கடுமையாக அரிக்கும் பருக்கள் வரும். அதன்மேல் ஒரு துளி எண்ணெய் விட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் மெல்லிய வெண்கோடுகள் வலைபோல ஓடுவது தெரியும். 1895இல் விக்கம் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த கோடுகள் இவை. அதே பருவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், மேல்தோலின் துகளடுக்கு ஆங்காங்கே ஆப்பு வடிவில் தடித்திருக்கும். அந்தத் தடிப்புதான் வெளியே வெண்கோடாகத் தெரிந்தது. அடியில் லிம்போசைட் எனப்படும் வெள்ளணுக்கள் மேல்தோலை ஒட்டிப் பட்டையாக அடைந்து நிற்கும். அவை தாக்கிய செல்களிலிருந்து மெலனின் நிறமி உள்தோலுக்குள் உதிர்ந்து கிடக்கும். ஊதா நிறம் வந்த வழி அதுதான். சொரியாசிஸிலும் இப்படியே. செதிலைச் சுரண்டினால் குண்டூசி முனையளவு ரத்தப் புள்ளிகள் துளிர்க்கும். ஸ்லைடில் பார்த்தால், விரிந்த நுண்குழாய்களுக்கு மேலே தோல் மிக மெலிந்திருப்பது தெரியும். சுரண்டும் நகத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவே சில செல்களே இருக்கின்றன. வெளியே பார்த்த ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு காரணம் கிடைக்கும்போது, அந்த நோயின் பெயரை உறுதியாக எழுதலாம்.

இப்போது அதே லைக்கன் பிளானஸ் ஸ்லைடை, நோயாளியைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். அவர் லைக்கன் பிளானஸ் என்று எழுதுவார். ஆனால் நோயாளிக்கு மார்பில் ஒரே ஒரு பரு மட்டும்தான் இருந்தது என்று வையுங்கள். அது பெரும்பாலும் லைக்கனாய்டு கெரட்டோசிஸ் என்ற தீங்கற்ற ஒற்றைப் பருவாக இருக்கும். மைக்ராஸ்கோப்பில் இரண்டையும் பிரிக்க முடியாத அளவுக்கு ஒற்றுமை உண்டு. பரு ஒன்றா, பலவா என்ற ஒரு விவரம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. புதிதாக ஏதாவது மாத்திரை தொடங்கினாரா என்பது அடுத்த கேள்வி. தொடங்கியிருந்து, திசுவில் இயோசினோஃபில் என்ற வெள்ளணு வகையும் இருந்தால், மருந்தால் வந்த தடிப்பு என்ற பக்கம் சிந்தனை போக வேண்டும்.

உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்களான லூபஸும் டெர்மடோமயோசைட்டிசும் இன்னொரு ஜோடி. இரண்டிலும் மேல்தோலின் அடிவரிசைச் செல்கள் சிதைந்திருக்கும், உள்தோலில் மியூசின் என்ற கூழ்ப்பொருள் சேர்ந்திருக்கும். ஸ்லைடை மட்டும் வைத்துக்கொண்டு பிரிப்பது பல நேரங்களில் இயலாது. நோயாளியின் புறங்கையைப் பாருங்கள். சிவப்பு விரல் கணுக்களின் மேலேயே உட்கார்ந்திருந்தால் டெர்மடோமயோசைட்டிஸ். கணுக்களை விட்டுவிட்டு அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியில் இருந்தால் லூபஸ். விதிவிலக்கு உண்டு என்றாலும், மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். பெரியவர்களின் டெர்மடோமயோசைட்டிசில் உடலுக்குள் எங்காவது புற்றுநோய் இருக்கிறதா என்று தேட வேண்டும் என்பதால் இந்த வேறுபாடு வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை.

ஸ்லைடை மட்டும் நம்பினால் எவ்வளவு தூரம் வழிதவறலாம் என்பதற்கு லிம்ஃபோமடாய்டு பாப்புலோசிஸை விட வலுவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சிறு சிறு சிவந்த பருக்கள் கூட்டமாக வரும், நடுவே கருகும், சில வாரங்களில் தாமாகவே ஆறும். பிறகு வேறிடத்தில் புதிதாக வரும். ஆண்டுக்கணக்கில் இப்படி நடக்கும். அதில் ஒன்றை எடுத்துப் பார்த்தால் பெரிய, ஒழுங்கற்ற உட்கரு கொண்ட செல்கள் குவிந்து கிடக்கும். எவரும் வீரியமான லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ச் செல் புற்று என்றே சொல்வார்கள். 1968இல் மெக்காலி இதற்குப் பெயரிட்டு விவரித்தபோது, நோயாளியைப் பார்த்தால் சாதுவானது, திசுவைப் பார்த்தால் புற்று என்பதையே அதன் அடையாளமாக முன்வைத்தார். பருக்கள் தாமே ஆறுகின்றன என்ற தகவல் ஆய்வகத்துக்குப் போகாவிட்டால், தேவையே இல்லாத கீமோதெரபிக்கு ஒருவர் அனுப்பப்படலாம். சிலருக்குப் பின்னாளில் உண்மையான லிம்ஃபோமா வருவதுண்டு என்பதால் கண்காணிப்பு வேண்டும். ஆனால் கண்காணிப்பு வேறு, புற்றுநோய்ச் சிகிச்சை வேறு.

மச்சங்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. 1948இல் சோஃபி ஸ்பிட்ஸ் என்ற நோயியல் மருத்துவர், குழந்தைகளுக்கு வரும் ஒருவகைப் பருக்களை விவரித்தார். மைக்ராஸ்கோப்பில் அவை மெலனோமா என்ற நிறமி செல் புற்று போலவே இருந்தன. அந்தக் குழந்தைகளோ பெரும்பாலும் நலமாகவே வளர்ந்தார்கள். அப்படிப்பட்ட ஸ்லைடைப் படிப்பவருக்கு நோயாளியின் வயது 8 என்பதும் 60 என்பதும் முற்றிலும் வேறு செய்தி. அதேபோல, ஒரு மச்சத்தை மேலோட்டமாகச் சீவி எடுத்த பிறகு அதே தழும்பில் நிறம் திரும்ப வந்தால், மீண்டு வளரும் நிறமி செல்கள் தாறுமாறாக அடுக்கி மெலனோமாவைப் போல் வேடம் காட்டும். ‘இதே இடத்தில் முன்பு ஒருமுறை எடுத்திருக்கிறோம்’ என்று படிவத்தில் ஒரு வரி இருந்தால் ஆய்வாளர் பழைய ஸ்லைடைக் கேட்டு வாங்கி ஒப்பிடுவார். அந்த வரி இல்லாவிட்டால், அடுத்து நடப்பது தேவையற்ற பெரிய அறுவையாக இருக்கலாம்.

நான் மைக்ராஸ்கோப்பைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். கண் தோற்று, திசு ஜெயித்த வரலாறும் உண்டு. கொப்புள நோய்களில் பெம்ஃபிகஸ், பெம்ஃபிகாய்டு என்ற இரண்டும் நெடுங்காலம் ஒரே நோயாகக் கருதப்பட்டன. வால்டர் லெவர் 1953இல் இரண்டையும் திசு அடிப்படையில் பிரித்தார். பெம்ஃபிகஸில் மேல்தோலின் செல்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிணைப்பு அறுந்து, கொப்புளம் மேல்தோலுக்குள்ளேயே உருவாகிறது. கூரை மெல்லியது, தொட்டால் உடையும். பெம்ஃபிகாய்டில் மேல்தோல் முழுவதுமாக அடியோடு பெயர்ந்து எழும்புகிறது. கூரை தடித்தது, கொப்புளம் விறைப்பாக நிற்கும். இந்த ஒரு வேறுபாடு தெரிந்த பிறகு, முன்பு குழப்பமாக இருந்த பலவும் ஒழுங்குக்கு வந்தன: பெம்ஃபிகஸ் ஏன் உயிரைப் பறித்தது, பெம்ஃபிகாய்டு ஏன் பெரும்பாலும் முதியவர்களுக்கு வந்து ஓரளவு அடங்கியது என்பதும் விளங்கியது. 1964இல் பியூட்னரும் ஜோர்டனும் பெம்ஃபிகஸ் நோயாளிகளின் ரத்தத்தில் தோலுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைக் காட்டினார்கள். இன்று, இத்தகைய எதிர்ப்பொருள்களை ஒளிரவைத்துக் காட்டும் இம்யூனோஃபுளோரசன்ஸ் சோதனை இல்லாமல் கொப்புள நோய்க்குப் பெயர் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். அதற்கான திசுவைக் கொப்புளத்துக்கு அருகில் உள்ள தோலிலிருந்து எடுக்க வேண்டும், வழக்கமாகத் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போடவே கூடாது. ஃபார்மலினில் போட்டுவிட்டால் அந்தச் சோதனை கெட்டது கெட்டதுதான். மறுபடி தோலை வெட்ட வேண்டியிருக்கும்.

பொருந்தாமல் போவதற்கான காரணங்களில் பாதி, திசு மைக்ராஸ்கோப்புக்குப் போவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. வட்டக் கத்தியால் துளைத்துத் தோலை எடுக்கும் வழக்கமான பஞ்ச் பயாப்சி 4 மில்லிமீட்டர் அகலம். அதை மெழுகில் பதித்து, ஏறத்தாழ 4 மைக்ரான் தடிமனில் சீவுகிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான். அப்படியானால் அந்தச் சிறு துண்டை முழுமையாகப் பார்க்க ஆயிரம் சீவல்கள் வேண்டும். நாம் பார்ப்பது அவற்றில் சிலவற்றை மட்டுமே. உடம்பெங்கும் பரவிய நோயிலிருந்து ஒரு துண்டு, அந்தத் துண்டிலிருந்தும் சில சீவல்கள். சிக்கலான இடம் அடுத்த சீவலில் இருந்திருக்கலாம். ஆகவே ‘இன்னும் ஆழமாகச் சீவிப் பாருங்கள்’ என்று மருத்துவர் கேட்பதை எந்த நல்ல ஆய்வகமும் குறையாக எடுத்துக்கொள்ளாது.

எந்த இடத்தில், எந்த நாளில் எடுத்தார்கள் என்பதும் முக்கியம். ரத்தக்குழாய் அழற்சியில் புள்ளி தோன்றி ஒன்றிரண்டு நாளுக்குள் எடுக்க வேண்டும். தாமதித்தால் குழாய்ச் சுவரை அழித்த நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் மறைந்து, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாத லிம்போசைட்டுகள் மட்டும் மிஞ்சும். புண்ணின் நடுவில் எடுத்தால் அழுகிய திசுதான் வரும்; விளிம்பில் எடுக்க வேண்டும். கொழுப்படுக்கின் அழற்சிக்கு மேலோட்டமான பஞ்ச் போதாது. மெலனோமா சந்தேகம் என்றால் முடிந்தவரை முழுப் பருவையும் எடுப்பதே முறை. புற்று எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்ற அளவை வைத்துத்தான் அடுத்த சிகிச்சை முடிவாகிறது, பாதி சீவிய திசுவில் அந்த அளவு தவறிப்போகும்.

படிவத்தைப் பற்றி நான் கொஞ்சம் கோபத்தோடுதான் பேசுவேன். ‘தோல், பயாப்சி’ என்று இரண்டு சொல் மட்டும் எழுதி வரும் படிவங்கள் இன்றும் உண்டு. தொழுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்க நிலையில் ஸ்லைடில் தெரிவது நரம்பைச் சுற்றி ஒரு சில லிம்போசைட்டுகள் மட்டுமே. ‘வெளிறிய ஒரு படை, அதில் தொடு உணர்ச்சி குறைந்திருக்கிறது’ என்று எழுதியிருந்தால், படிப்பவர் ஒவ்வொரு சிறு நரம்பையும் தேடிப் பார்ப்பார், கூடுதலாகச் சீவச் சொல்வார், கிருமிக்கான ஃபைட் சாயம் போடுவார். எழுதவில்லையென்றால் ‘குறிப்பிட்டுச் சொல்ல ஏதுமில்லை’ என்று அறிக்கை வந்துவிடும். ரிட்லியும் ஜாப்ளிங்கும் 1966இல் வகுத்த பிரிவுகளில்கூட, இரண்டு கோடிகளில் இருக்கும் வகைகளில்தான் மருத்துவரின் கணிப்பும் திசுவும் நன்றாக ஒத்துப்போகின்றன. நடுவில் உள்ள வகைகளில் அடிக்கடி முரண்படுகின்றன. வயது, இடம், காலம், தடிப்பின் தோற்றம், சாப்பிடும் மருந்துகள், பூசிய களிம்புகள், முந்தைய பயாப்சிகள், மருத்துவர் மனத்தில் உள்ள இரண்டு மூன்று நோய்கள், முடிந்தால் ஒரு புகைப்படம். இவ்வளவும் எழுத ஐந்து நிமிடம் ஆகாது.

இனி உங்கள் தந்தையின் அறிக்கை. சொரியாசிஸாகவே இருந்து, களிம்பு பூசிய படையிலிருந்து எடுத்திருந்தால், அதன் அடையாளங்கள் மழுங்கிப்போய் எக்ஸிமா போல் தெரிவது சாத்தியம். எந்த நாளில் எடுத்தார்கள், அதற்கு முன் எத்தனை நாள் களிம்பை நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். தலை, முழங்கை, முழங்கால், நகங்கள், மூட்டுவலி ஆகியவற்றை மருத்துவர் பார்த்தாரா? நகத்தில் குழிகளும் தலையில் செதிலும் இருந்தால், அறிக்கை என்ன சொன்னாலும் என் மனம் சொரியாசிஸ் பக்கமே சாயும்.

படர்தாமரை இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இடுப்பு, பிட்டம், தொடை ஆகியவை அது விரும்பும் இடங்கள். ஸ்டீராய்டு களிம்பு பூசப் பூச, அதன் வட்ட விளிம்பு மறைந்து எக்ஸிமா போலவோ சொரியாசிஸ் போலவோ மாறிவிடும். செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கரைசலில் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஏற்கெனவே எடுத்த திசுவின் மெழுகுக் கட்டி ஆய்வகத்திலேயே இருக்கும், அதில் பூஞ்சையை நிறம் காட்டும் பி.ஏ.எஸ். சாயம் போட்டால் மேலடுக்கில் பூஞ்சை இழைகள் இருந்தால் தெரியும். இதற்காக மறுபடி வெட்ட வேண்டியதில்லை.

மூன்றாவதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஐம்பது வயதைக் கடந்தவர், வெயில் படாத இடங்கள், ஆண்டுக்கணக்கில் அடங்கித் திரும்பும் படைகள் என்றால் மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்ற தோல் லிம்ஃபோமாவையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம். உடலின் சிறு பகுதியோடு நிற்கும் தொடக்க நிலையில், அது வந்தவர்களின் ஆயுள் பெரும்பாலும் சம வயதினரைப் போலவே இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் அது கண்ணுக்கும் எக்ஸிமா போலிருக்கும், ஸ்லைடிலும் எக்ஸிமா போலிருக்கும். 2005இல் தோல் லிம்ஃபோமாக்களுக்கான சர்வதேசச் சங்கத்தினர் இதற்கு ஒரு மதிப்பெண் முறையை முன்வைத்தார்கள். தோலில் காண்பதற்கு அதிகபட்சம் 2, மைக்ராஸ்கோப் காட்சிக்கும் அதே 2, மரபணுச் சோதனைக்கும் செல்குறியீட்டுச் சோதனைக்கும் தலா 1. மொத்தம் 4 வந்தால் நோய் என்று கொள்ளலாம். தோலில் பார்ப்பதற்கும் திசுவில் பார்ப்பதற்கும் சம எடை கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். டி-செல்கள் என்ற லிம்போசைட்டுகள் ஒரே மூலத்திலிருந்து பெருகியவை என்று மரபணுச் சோதனை சொன்னாலும், அது மட்டும் போதாது. சாதாரண அழற்சியிலும் சில நேரம் அப்படி வரும்.

ஆகவே மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை: பூஞ்சைக்கான சோதனை நடந்ததா? அவரும் ஸ்லைடைப் படித்தவரும் நேரில் அல்லது தொலைபேசியில் பேசினார்களா? அவருடைய அனுமதியோடு சில வாரங்கள் களிம்பை நிறுத்தி, இரண்டு வெவ்வேறு படைகளிலிருந்து மறுபடி பயாப்சி எடுக்கலாமா? இந்தக் கேள்விகளால் நல்ல மருத்துவர் புண்பட மாட்டார். பெரும்பாலும் அவரும் இதையே யோசித்துக்கொண்டிருப்பார். இதற்கெல்லாம் விடை கிடைக்கும்வரை சைக்ளோஸ்போரின் போன்ற, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைத் தொடங்காமல் இருக்கலாமா என்பதையும் கேளுங்கள். உள்ளே இருப்பது லிம்ஃபோமாவாக இருந்தால் அம்மருந்து அதை முடுக்கிவிடக்கூடும்.

களிம்பை நிறுத்திய பிறகு படைகள் முழுதாகத் தெரியும் நாளில், நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். முதல் அறிக்கையையும் அந்தப் படங்களையும் இரண்டாவது பயாப்சியோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அப்போதும் ஸ்பாஞ்சியோசிஸ் என்று மட்டுமே வந்து, பூஞ்சையும் இல்லை, படைகளும் போகவில்லை என்றால், சில மாதங்கள் கழித்து மூன்றாவது முறை எடுக்கச் சொல்வார்கள். மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் சந்தேகம் உள்ளவர்களுக்கு அது வழக்கமான நடைமுறைதான்.